சொந்த வார்டு தெரியாத குடிமையியல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்களுக்குப் பொது அறிவு குறைந்துவருகிறது என்று அவ்வப்போது யாராவது வருந்தி எழுதுவதும், பழியைக் கைப்பேசியின் மேல் போடுவதும் வழக்கமாகிவிட்டது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், சைக்கிளை மிதித்தால் தமிழ்நாட்டுக்குள் போய்விடக்கூடிய ஓர் ஊரின் வாசகசாலையில், மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவன் நான். குறை வேறோர் இடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் ஊரின் குடிமையியல் நன்றாகவே தெரிந்திருக்கிறது; தம் ஊருடையதுதான் தெரியவில்லை.

எங்களிடம் வருகிறவர்கள் நான்கு வகைப் பள்ளிகளில் படிக்கிறார்கள். கேரள அரசின் தமிழ் வழிப் பள்ளி, மலையாள வழிப் பள்ளி, சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடக்கும் ஆங்கிலப் பள்ளி ஆகியவை போக, காலையில் வேன் ஏறி வேலந்தாவளத்தையோ கோபாலபுரத்தையோ தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிக்குப் போய்வருகிறவர்களும் உண்டு. சென்ற மாதம் ஒரு மாலையில், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுத் தாளில் விடை எழுதச் சொன்னேன்: நம் பஞ்சாயத்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

வேனில் போய்வரும் மாணவி ஒருத்தி, மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எழுதியதோடு நிற்காமல், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்கு வெள்ளை என்று வாக்குச் சீட்டின் நிறங்களையும் கட்டம் போட்டு அழகாக எழுதியிருந்தாள். ஒரு பிழையும் இல்லை. அவளுடைய பள்ளி நிற்கும் மாநிலத்தில் அதுதான் நடைமுறை. ஆனால் அவளுடைய பெற்றோரின் பெயர் இருப்பது கேரள வாக்காளர் பட்டியலில். இங்கே கிராமம், பிளாக், மாவட்டம் ஆகிய மூன்று பஞ்சாயத்துகளின் உறுப்பினர்களுக்கு மூன்று வாக்குகள் மட்டுமே உண்டு. தலைவரை வார்டு உறுப்பினர்கள் தமக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். பதினெட்டு வயது நிறைந்ததும் அவள் வாக்குச்சாவடியில் நான்காவது சீட்டைத் தேடப்போகிறாள்.

ஆங்கிலப் பள்ளி மாணவன் ‘சர்பஞ்ச்’ என்று எழுதியிருந்தான். பஞ்சாயத்துத் தலைவருக்கு வட மாநிலங்களில் வழங்கும் அந்தச் சொல்லை எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மக்களவையில் 543 இடங்கள் என்பதையும், பஞ்சாயத்து ராஜ் குறித்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது என்பதையும் மூச்சுவிடாமல் சொன்ன அதே பையனுக்குத் தன் வார்டு எண் தெரியவில்லை. தமிழ் வழிப் பிள்ளைகள் நால்வரில் மூவர் சரியாக எழுதினார்கள். ஆயினும் உங்கள் வார்டு மெம்பர் யார் என்று கேட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஊர் நடப்பு ஓரளவு தெரிந்திருக்கிறது. அவர்களுடைய இடர்ப்பாடு வேறு. கிராம சபைக் கூட்டத்துக்கான மலையாள நோட்டீஸ் வீட்டுக்கு வந்தபோது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழ் மட்டுமே தெரிந்த தாய் கேட்க, மகன் தடையில்லாமல் வாசித்துக் காட்டியிருக்கிறான். ‘குணபோக்தாக்கள்’ என்ற இடம் வந்ததும் அதற்குத் தமிழ் தெரியாமல் விட்டுவிட்டான். ‘பயனாளிகள்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், வீடு கட்டும் உதவி யார் யாருக்கு என்று முடிவெடுக்கும் கூட்டம் அது என்பது அந்த அம்மாவுக்கு விளங்கியிருக்கும். கூட்டம் முடிந்த மறுநாள்தான் விவரம் தெரிந்து வாசகசாலைக்கு வந்து விசாரித்தார்.

தமிழ்நாட்டில் கிராம சபை பஞ்சாயத்து முழுமைக்கும் ஒன்றாக, ஆண்டில் ஆறு குறிப்பிட்ட நாள்களில் கூடுகிறது. கேரளத்திலோ ஒவ்வொரு வார்டும் தனியாக ஒரு கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினராவது வந்திருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் வார்டில் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களும் சில முதியவர்களும் இல்லாவிட்டால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் தேறாது.

பஞ்சாயத்துக்கு என்ன பெரிய அதிகாரம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே சித்தூர் தாலுகாவில், பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்துக்கு உட்பட்ட பிளாச்சிமடையில், நிலத்தடி நீரை உறிஞ்சிய பன்னாட்டுக் குளிர்பான ஆலையை எதிர்த்து மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் 2002இல் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2004 மார்ச்சில் ஆலையின் இயக்கம் நின்றது. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து பார்த்துப்போன இடம் அது. பேருந்தில் போனால் சிறிது நேரத்தில் சென்றுவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் என் பதினொரு பேரில் இருவர்தான் அதைக் கேள்விப்பட்டிருந்தார்கள். ஒருத்தி தன் பாட்டியிடமிருந்து, ஒருவன் யூடியூபிலிருந்து.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் பகுதியிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியிலேயே எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் வழிசெய்கிறது. இது தெரியாமல் நான் நாற்பது வயது வரை தப்பும் தவறுமான மலையாளத்தில் மனு எழுதிக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகு முதன்முதலாகத் தமிழில் எழுதிக் கொண்டுபோன மனுவை ஓர் அலுவலகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு, மலையாளத்தில் எழுதி வாருங்கள் என்றார்கள். சட்டத்தைச் சொன்ன பிறகுதான் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

நான்கு வகைப் பள்ளிகளுக்கும் ஒரே பாடநூல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது நடக்கிற காரியமும் அல்ல. எல்லையோரப் பஞ்சாயத்துகள் ஒவ்வொன்றும் தன் வார்டுகள், மெம்பர்கள், கிராம சபை நடைமுறை, மனு எழுதும் முறை ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் நான்கு பக்கத்தில் அச்சிட்டு, தன் எல்லைக்குள் வசிக்கும் உயர்நிலை வகுப்பு மாணவர் அனைவருக்கும், அவர்கள் எந்த மாநிலத்துப் பள்ளியில் படித்தாலும், கொடுக்கலாம். கிராம சபை நோட்டீஸைத் தமிழிலும் அச்சிடுவதற்குத் தனியே எந்தத் திட்டமும் தேவையில்லை. தமிழ்நாட்டு எல்லைப் பள்ளிகளின் ஆசிரியர்கள், பஞ்சாயத்துப் பாடம் நடத்தும் அன்று, கேரளத்தில் வீடுள்ள பிள்ளைகளுக்காகப் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கினாலே போதும்.

அடுத்த கிராம சபைக்குப் பிள்ளைகளை அழைத்துவந்து பின்வரிசையில் உட்காரவைக்க எங்கள் வார்டு மெம்பர் சம்மதித்திருக்கிறார். வாக்காளர் அல்லாததால் அவர்கள் பேச முடியாது, பார்க்கலாம். வேனில் போகிற பிள்ளைகளும் வர வேண்டும் என்பதால் கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். தமிழிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகசாலை ஆசிரியர் ஒருவர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.