‘வாசித்து விளங்கப்படுத்தினேன்’ என்று எழுதுகிறவர்களுக்கு

வன்னியில் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதி முடிக்கிற நொத்தாரிசுமாருக்கும் வழக்குப் பேசுகிற சட்டத்தரணிகளுக்கும் வணக்கம்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன், யாருக்காவது நீதிமன்றக் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். அப்படித்தான் போன வருடம் என் சின்னம்மா ஒரு உறுதியோடு வந்தார். மகளின் படிப்புக்குக் கடன் வாங்கியவர், காணியை ஈடு வைத்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தார், காசு கொடுத்தவரும் “கடனைக் கட்டினதும் திருப்பி எழுதித் தருவேன்” என்று சொல்லியிருக்கிறார். விரித்துப் பார்த்தேன். அது அறுதி உறுதி.

ஈடு என்றால் காணி இன்னும் எங்களுடையது, கடனுக்காகக் கட்டப்பட்டு நிற்கிறது. அறுதி என்றால் விற்று முடிந்தது. இந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் ஒரு குடும்பத்தின் வளவு, கிணறு, பத்துத் தென்னை எல்லாம் போய்விடும். திருப்பித் தருவேன் என்ற வாய்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்தில் காணியை மீட்பது பெரும்பாடு, ஏனென்றால் 1840ஆம் ஆண்டிலிருந்தே காணிக் கைமாற்றமும் அதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். அது உங்களுக்குத் தெரியும். சின்னம்மாவுக்குத் தெரியாது.

அந்த உறுதியின் கடைசியில் ‘வாசித்து விளங்கப்படுத்தினேன்’ என்று நொத்தாரிசின் கையொப்பத்தோடு இருந்தது. வாசித்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் ‘மேற்படி ஆதனத்தின் சகல உரித்துக்களையும்’ என்று ஒரே மூச்சில் வாசித்தால், வயலிலிருந்து நேரே வந்து நிற்கிற ஒருவருக்கு அதில் என்ன விளங்கும்?

கடன் பத்திரங்களும் இதே கதைதான். ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கும். குழுவாகக் கடன் எடுக்கிற எங்கள் பெண்கள், ஐந்து பேர் கையெழுத்து வைத்தால் கடனும் ஐந்தாகப் பிரியும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மற்ற நாலு பேரும் கட்டாவிட்டால் முழுக்காசையும் ஒருத்தியிடமே கேட்கலாம் என்பதுதான் அந்த வரி. அதே மாதிரி ‘தவணை’ என்றால் எங்களுக்குக் கடன் கட்டுகிற நாள், உங்களுக்கு வழக்குக் கூப்பிடுகிற நாள். ‘பிணை’ என்றால் மறியலிலிருந்து வெளியே எடுப்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் தாங்களே கட்ட வேண்டும் என்று தெரியாமல் கடனுக்குப் பிணை நின்றவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, வழக்குக்கு வரச்சொல்லி நீதிமன்றம் அனுப்புகிற அழைப்பாணை. பயத்தில் அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுவார்கள். சிவில் வழக்கில் எதிராளி போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்பாகிவிடும், பிறகு அந்தத் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாளுக்குள் தகுந்த காரணத்தோடு அதை நீக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். அந்த 14 நாளையும் சாமிப்படத்துக்குப் பின்னாலேயே கழித்தவர்கள் இருக்கிறார்கள். கையில் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது என்பதையாவது முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

சரி, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உறுதியை வாசித்து முடித்ததும் கையெழுத்து வைக்கிறவரிடமே ஒருமுறை கேளுங்கள்: “அம்மா, இப்ப நீங்கள் என்ன செய்யிறீங்கள்?” தன் வாயால் “நான் என்ரை காணியை விக்கிறன்” என்று அவர் சொல்லட்டும். அதுக்குப் பிறகு பேனையைக் கொடுங்கள்.