ஸ்டிக்கை இழுத்தால் வால் அசையுது, எல்லாருக்கும் நன்றிங்க

கொட்டகையில் கட்டிக்கொண்டிருக்கும் ரெண்டு சீட்டு விமானத்துக்கு ஸ்டிக் (விமானி கையில் பிடித்து ஓட்டும் கோல்), தண்டுகள், பெல் கிராங்க் (தண்டின் இழுப்பைத் திசை திருப்பிவிடும் கை), பெடல் எல்லாம் பூட்டியாச்சு. பறப்பது அப்புறம், அதற்கு விமானத்துறை அரசு அமைப்பான டிஜிசிஏவின் பேப்பர் வேலை தனியாகக் கிடக்கிறது. ஆனால் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டவர்களுக்கு இப்போதே நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில் கோவை கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு. பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து பழகின கை. பெல் கிராங்க் துளைகளை ட்ரில்லோடு விடாமல், ஒன்றரை நூல் போல்ட்டுக்குச் சரியாக ரீமர் (துளையைத் துல்லியமாகச் சீவும் கருவி) போட்டுத் தந்தார். விரலால் தள்ளினால் போல்ட் உள்ளே போகும், ஆட்டிப் பார்த்தால் ஆடாது. ஒவ்வொரு மூட்டிலும் இருக்கிற துளி ஆட்டமெல்லாம் வால் வரை போகப் போகச் சேர்ந்துகொண்டே வரும், வேகத்தில் ஃப்ளட்டர் என்கிற நடுக்கம் வந்து எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) படபடக்க அது ஒரு காரணமாகிவிடும் என்பதால்தான் இத்தனை பாடு.

காலேஜ் வாத்தியாருக்கும் ரொம்ப நன்றிங்க. சீட்டுக்குப் பின்னாலிருந்து வாலுக்குப் போகும் நீளத் தண்டு, தள்ளும்போது வளைந்துவிடக் கூடாது. குழாயைத் தடிமனாக்கினால் எடை ஏறும். அவர் நடுவில் ஒரு ஐட்லர் கை (தண்டைத் தாங்கி அதோடு சேர்ந்து ஆடும் கை) வைக்கச் சொன்னார். ஆய்லர் கணக்குப்படி தண்டின் நீளம் பாதியானால் வளையாமல் தாங்கும் பாரம் நாலு மடங்கு. ஒரு சின்ன கை, ரெண்டு பேரிங், வேலை முடிந்தது.

பாலிடெக்னிக் தம்பி அட்டையை வெட்டி குண்டூசி குத்தி ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) கணக்கைக் காட்டினானே, அதைச் சொல்லியே ஆகணும். ஸ்டிக் நடுவில் நிற்கும்போது பெல் கிராங்க் கை தண்டுக்குச் செங்குத்தாக இருந்தால் ஐலரான் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவு போகும், கொஞ்சம் சாய்த்து வைத்தால் மேலே அதிகமும் கீழே குறைவுமாகப் போகும். திரும்பும்போது மூக்கு எதிர்ப்பக்கம் இழுப்பது அதில் குறையும். புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் அந்த அட்டை மாதிரி வராது.

விமானப்படையில் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டயர் ஆன ஐயா, ஒரு கடையில் ஏர்கிராஃப்ட் போல்ட் என்று சொல்லிக் கொடுத்ததை டார்ச் அடித்துப் பார்த்தார். அசல் ஏர்கிராஃப்ட் போல்ட்டின் தலையில் இருக்கும் குறுக்குக் குறி அதில் இல்லை. பேசாமல் பொட்டலத்தில் திரும்பப் போட்டுவிட்டார். சுழலும் மூட்டில் நைலான் நட் கூடாது, பள்ளம் வெட்டிய காசில் நட்டும், அது கழலாமல் பூட்டும் காட்டர் பின்னும்தான் என்றார். தண்டு முனையில் இருக்கும் பந்து மூட்டான ராடு எண்டுக்கு வெளியே பெரிய வாஷர் போட வைத்ததும் அவர்தான். உள்ளே இருக்கும் பந்து கழன்றாலும் தண்டு போல்ட்டை விட்டு வெளியே வராது.

கடைசிச் சோதனைக்கு மாமா தோட்டத்துக் கிணற்று உருளை வந்தது. எலிவேட்டரைக் கட்டிவிட்டு ஸ்டிக்கில் கயிறு போட்டு, உருளை வழியாக 76 கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டோம். சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதியில் 2017 வரை எலிவேட்டர் ஸ்டிக்குக்கு அதிகபட்சமாகச் சொல்லியிருந்த 167 பவுண்டு அதுதான். தண்டு வளையவில்லை, வெல்டு விடவில்லை. மாமா மட்டும், "ஏனுங் மாப்ள, இன்னொரு மூட்டை போடலாமா?" என்றார்.

அண்ணா, உங்கள் ரீமர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த வாரமே கொண்டுவந்து தந்துவிடுகிறேனுங்க.