விசில் ஊதாத விளையாட்டு நாளுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளிலும் வாழும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக நம் தமிழ்ப்பள்ளித் திடலில் கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை நடைபெற்ற விளையாட்டு நாள் இனிதே நிறைவேறியது. பணமாகவும் பொருளாகவும் உடலுழைப்பாகவும் கைகொடுத்த உங்கள் அனைவருக்கும் பெற்றோர்களாகிய எங்கள் நன்றியைத் தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறேன். இத்தகைய மடல்களில் யார் எதைக் கொடுத்தார்கள் என்பதே முதலில் வரும். நீங்கள் கொடுத்தவற்றை நாங்கள் மறக்கவில்லை. ஆயினும் நாங்கள் கேட்டுக்கொண்டதற்காக நீங்கள் செய்யாமல் விட்டவை சில உண்டு. காலங்காலமாகச் செய்து பழகிய ஒன்றைப் பிறருக்காக ஒருநாள் நிறுத்திவைப்பது பணம் கொடுப்பதைவிடக் கடினம் என்பதால் அவற்றையே முதலில் குறிப்பிட விரும்புகிறேன்.

விசில் ஊதாமல் விளையாட்டுப் போட்டி நடத்த முடியுமா என்று முதற்கூட்டத்தில் பலரும் ஐயப்பட்டார்கள். 2013ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. எங்கள் வீடுகளில் மிக்சியைச் சுழலவிடும்போதே அது எங்களுக்குத் தெரிந்துவிடும். உடற்கல்வி ஆசிரியர் மறுபேச்சின்றி விசிலைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, பச்சைத் துணியைக் கொடியாக அசைத்தே எல்லா ஆட்டங்களையும் தொடங்கிவைத்தார். திடலுக்கு எதிரே உள்ள மாரியம்மன் ஆலய நிர்வாகத்தினர், ஞாயிறு காலையில் ஒலிபெருக்கியில் போடும் பக்திப் பாடல்களை அன்று கருவறை வாசலோடு நிறுத்திக்கொண்டார்கள். வரவேற்புக்கு வாசிக்க வேண்டுமென்று ஆசையோடு முன்வந்த உறுமி மேள இளைஞர்களிடம் வாசிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. அவர்களோ, "பரவாயில்லக்கா, கொட்டு இல்லாம நாங்க மட்டும் வர்றோம்" என்று சொல்லி, சனிக்கிழமை மாலையே வந்து கூடாரங்களை அடித்து, நாற்காலிகளை இறக்கி, மறுநாள் பிற்பகல் வரை நின்று எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மேடையும் நாங்கள் போடவில்லை. மாலை மரியாதையும் சிறப்புரையும் இல்லாத நிகழ்ச்சி நம் ஊருக்குப் புதிது என்பதால் சிலருக்கு அது மனக்குறையாக இருந்ததை நான் அறிவேன். ஆனால் ஒரு பிரமுகருக்காகப் பிள்ளைகளை அரை மணி நேரம் வெயிலில் வரிசையாக நிற்கவைக்க எங்களால் முடியாது. முடிந்தாலும் செய்ய மாட்டோம். இதைப் புரிந்துகொண்டு பெற்றோரோடு ஒருவராக அமர்ந்து தேநீர் அருந்திவிட்டுச் சென்ற பெரியோர்களுக்கும், கைப்பேசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து எங்கள் பிள்ளைகளைப் படமெடுக்காமல் இருந்தவர்களுக்கும் நன்றி.

பிள்ளைக்கு ஒருவர் என்று பொறுப்பேற்றுக்கொண்ட தொண்டர்களில் பெரும்பாலோர் இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் படிவ மாணவர்கள். அவர்களின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்களை அனுப்பிவைத்த பெற்றோருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பின் ஆசிரியை சனிக்கிழமை அவர்களை உட்காரவைத்து, பின்னாலிருந்து வந்து தொடக்கூடாது, கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்தக்கூடாது, ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும், பதில் வராவிட்டால் அதே சொல்லையே மீண்டும் சொல்ல வேண்டுமே தவிர வேறு சொல்லுக்குத் தாவக்கூடாது என்றெல்லாம் நடித்துக் காட்டியே கற்றுக்கொடுத்தார். அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பதைக் காட்டும் பட அட்டைகளையும் அவரே தம் கையால் வரைந்து, பிளாஸ்டிக் உறையிட்டுக் கொண்டுவந்தார். பந்து உருட்டுதல், கயிற்றின் மேல் நடத்தல், பழைய மைலோ டின்களை அடுக்கி வீழ்த்துதல், கழிவறை, சாப்பாடு, வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் இருந்தது. முடிந்ததன் அட்டையைப் பிள்ளையே பிய்த்துப் பைக்குள் போட வேண்டும். "வீடு" என்ற அட்டை கடைசியில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்ததனாலேயே அழுகையை நிறுத்திய பிள்ளைகள் உண்டு.

ஒரு மாணவியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அவர் பொறுப்பிலிருந்த சிறுவன் திடலுக்குள் வந்ததும் நேரே கால்பந்துக் கம்பத்துக்குப் போய், வலையில் விரல்களை ஓட்டியபடி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கத் தொடங்கினான். அந்த மாணவியும் இரண்டடி தள்ளி, வலையின் மறுபக்கத்தில், அவன் வேகத்துக்கே நடந்தார். அவன் நின்றால் நின்றார். அவன் முடிச்சை நெருடினால் தானும் ஒரு முடிச்சை நெருடினார். பந்து உருட்ட வா என்று அழைக்கவில்லை, அட்டையை மட்டும் அவ்வப்போது காட்டிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். அவன் கடைசி வரை எந்த ஆட்டத்திலும் சேரவில்லை. மற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே பதக்கத்தை அவனுக்கும் கொடுத்தோம். அதை அவன் வலையில் மாட்டிவிட்டுப் போனான். அவனுடைய தாயார் அந்தக் காலை முழுவதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஆறிப்போகாத தேநீரைக் குடித்ததாக என்னிடம் சொன்னார். எங்களில் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை மற்றவர்களுக்கு விளக்குவது கடினம்.

திடலின் ஒரு பக்கம் செம்பனைக் காடு, மறுபக்கம் பெரிய வடிகால். 2012ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையேனும் பாதுகாப்பான இடத்தை விட்டு வெளியேற முயன்றிருக்கிறார்கள் என்று கண்டறிந்தது; தண்ணீரைக் கண்டால் பல பிள்ளைகளின் கால்கள் தாமாகவே அங்கு இழுக்கும் என்பது எங்களில் பலருக்கு அனுபவம். ஆகவே வடிகாலோரம் இடைவெளி விடாமல் நின்ற, ரேலா எனும் அரசுத் தொண்டர் படை அன்பர்களும், கயிறும் வலையும் இரவலாகத் தந்ததோடு தாமே வந்து முடிச்சுப் போட்ட இரும்புக்கடை முதலாளியான தவுக்கேயும் இல்லையென்றால் இந்நிகழ்ச்சியே நடந்திருக்காது. முன்னதாக நடந்த கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணியில் புல்வெட்டி, உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிய பக்கத்துக் கம்போங் (மலாய்க் கிராம) சகோதரர்களையும் நன்றியோடு நினைக்கிறோம். வெறுங்காலில் ஓடும் பிள்ளைகளே அதிகம் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் அண்ணன், முதல்நாள் மாலையே வண்டியைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக உள்ள லயத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து இறங்கிப் பழகட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார். டீசல் காசு கொடுக்கப் போனபோது, "எத்தனை மணிக்கு வரணும்னு மட்டும் சொல்லும்மா" என்று பேச்சை மாற்றிவிட்டார். சிற்றுண்டிச்சாலை அக்கா, மீகூன் எனும் அரிசிச் சேமியாவைப் பச்சையிலை ஏதும் தூவாமல் வெறுமையாகப் பிரட்டி, முட்டையையும் வெள்ளரியையும் ஒன்றோடொன்று ஒட்டாதபடி தனித்தனிக் கிண்ணங்களில் வைத்துக் கொடுத்தார். வெள்ளைச் சோறு தவிர வேறெதையும் தொடாத பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சோறும் வடித்திருந்தார்.

தம் விடுமுறை நாளில் வந்து மர நிழலில் மேசை போட்டு அமர்ந்த சமூக நலத்துறை அதிகாரிக்கும் நன்றி. ஆட்டிசம் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் அடங்கும் என்பதும், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டைக்கு மருத்துவர் உறுதிப்படுத்திய படிவம் வேண்டும் என்பதும், சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு என்பதும் தோட்டத்துப் பெற்றோர் சிலருக்கு அன்றுதான் தெரியவந்தது. அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடுமே என்று தயங்கிய ஒரு பாட்டியிடம் அவர் காட்டிய பொறுமையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

நன்கொடையாளர்களில் பெயர் வேண்டாம் என்றவர்களே அதிகம். தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கவென்று 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தம் தந்தை ரப்பர் மரங்களில் பால்வெட்டிய கூலியிலிருந்து பங்குப்பணம் கட்டியதைப் பார்த்து வளர்ந்த ஒரு பெரியவர், ஒட்டிய உறையை என் கையில் திணித்து, ரசீது எழுத வேண்டாம் என்றார். நான் எழுதிவிட்டேன், பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது, அவர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மீந்த பணத்தில் பிள்ளைகளுக்கான காதடைப்பான்கள் வாங்கி அலுவலகத்தில் வைத்துள்ளோம். திருமணம், திருவிழா, பட்டாசு வெடிக்கும் நாள் என எதற்குத் தேவைப்பட்டாலும் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று திருப்பித் தரலாம். கூடாரத்தின் கீழ் விட்டுச்சென்ற இரண்டு குடைகளும் ஓர் எவர்சில்வர் தூக்கும் அங்கேயே உள்ளன. அடுத்த விளையாட்டு நாளைப் பள்ளி விடுமுறையில் வைக்க எண்ணியிருக்கிறோம். தொண்டராகச் சேர விரும்புவோர் சிறப்புக் கல்வி ஆசிரியையிடம் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
பெற்றோர் குழுவின் சார்பில்,
செயலாளர்