புற்றுநோய் விழிப்புணர்வு முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் பல பகுதிகளில் புற்றுநோய் விழிப்புணர்வு முகாம்களை நடத்திவரும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பந்தல் போட்டு, மருத்துவர்களை அழைத்துவந்து, வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுக்கும் உங்கள் உழைப்பின்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த மதிப்போடுதான் கேட்கிறேன்: கவலைப்பட்டால் புற்றுநோய் வரும் என்று எழுதிய தட்டிகளை அருள்கூர்ந்து இனி வைக்காதீர்கள்.

சென்ற ஆண்டு பெரம்பூரில் எங்கள் தெருமுனையில் நடந்த முகாமில் அப்படி ஒரு தட்டி இருந்தது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த என் அம்மா, தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தபடி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். வீடு திரும்பும்வரை எதுவும் பேசவில்லை. இரவு விளக்கை அணைத்த பிறகுதான், "அப்பா போனதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அழுதுக்கிட்டே கிடந்தேனே, அதனாலதான் வந்துச்சாடி?" என்று கேட்டார். கணவருக்காக அழுததையே தன் குற்றமாக அவர் எண்ணும்படி செய்துவிட்டது அந்த ஒரு வரி.

மன அழுத்தத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. அழுத்தம் நீடிக்கும்போது கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களின் சுரப்பு நிலைகுலைந்து, நோய் எதிர்ப்பாற்றல் தளரக்கூடும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், சினைப்பைப் புற்றணுக்கள் செலுத்தப்பட்ட எலிகளை நாள்தோறும் சில மணி நேரம் அசையவிடாமல் அடைத்துவைத்தபோது, கட்டிகள் விரைவாக வளர்ந்தன. அவற்றுக்குள் புதிய இரத்தக் குழாய்களும் பெருகின. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் பழைய மருந்தான புரோப்ரனோலால் அந்த வளர்ச்சியைத் தடுத்தது. ஆயினும் அந்த ஆய்வு, புற்றுநோய் புதிதாகத் தோன்றுவதைப் பற்றியதன்று. செலுத்தப்பட்ட புற்றணுக்கள் வளர்வதைப் பற்றியது, அதுவும் எலிகளில். மனிதர்களிடம் பார்த்தால், ஐரோப்பாவில் நடந்த 12 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து, 1,16,056 பேரைக் கணக்கில் எடுத்து, 2013-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, வேலை தரும் மன அழுத்தத்துக்கும் பெருங்குடல், நுரையீரல், மார்பகம், புராஸ்டேட் ஆகிய புற்றுநோய்களுக்கும் தொடர்பு எதையும் காணவில்லை. இந்த நிலையில் "கவலையால் வரும்" என்று உறுதியாக எழுத யாருக்கும் ஆதாரம் இல்லை.

மன அழுத்தம் சுற்றுவழியில் செய்யும் கேட்டைத்தான் நீங்கள் பேச வேண்டும் என்று விரும்புகிறேன். மனம் நொந்தவர் கூடுதலாகப் புகைக்கிறார், குடிக்கிறார், நடைப்பயிற்சியை விட்டுவிடுகிறார். எல்லாவற்றையும்விட, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார். என் அம்மா குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணம், வாடகை பாக்கி, என் திருமணப் பேச்சு என்று ஒவ்வொன்றாக முடியட்டும் எனக் காத்திருந்தார். அழுத்தம் எங்கள் வீட்டில் செய்த தீங்கு அந்த நான்கு மாதம்தான். அதைத் தடுத்திருக்க முடியும் என்பதே இன்றுவரை என்னை வருத்துகிறது.

பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் முகாம் நடத்துவோர் இரவுப் பணியைப் பற்றியும் பேசலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்தவற்றின் பட்டியலில் 2007-இல் சேர்த்து, 2019-இல் மீண்டும் உறுதிசெய்தது. அங்கே முதன்மையான ஐயம் உடலின் இரவுபகல் ஒழுங்கு குலைவதன்மீதுதான். பணியாளரின் மனத்திடத்தின்மீது அன்று.

ஆகவே அடுத்த முகாமில் அந்தத் தட்டியின் இடத்தில், முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்யப்படுகிறது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். உங்கள் பகுதியில் அந்த நிலையம் எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் போகலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பந்தலின் ஓர் ஓரத்தில், நோயாளியோடும் உடனிருப்பவரோடும் தனியாக உட்கார்ந்து பேச ஒரு மனநல ஆலோசகருக்கு இரண்டு நாற்காலி போடுங்கள். என் அம்மா இருட்டில் என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடம் பகலிலேயே கேட்டிருப்பார்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு மகள்