ஹவ்காங் வீட்டில் எடுத்த படம்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே ஒரு நல்ல செய்தி: குறும்படத்தை ஒருவழியாக எடுத்து முடித்துவிட்டேன்.

கையில் இருந்தது 1,500 சிங்கப்பூர் வெள்ளி. அதனால் எந்த வீடு கிடைக்கும் என்று முதலில் பார்த்துக்கொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி கதை எழுதினேன். ஹவ்காங் வட்டாரத்தில் மாமாவின் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு கிடைத்தது. மறுநாள் வீட்டைக் காலி செய்யப் போகிற ஓர் அம்மா, இரவு சமையலறைச் சாமான்களைக் கட்டிக்கொண்டே மகனோடு பேசுகிறாள். அவ்வளவுதான் கதை. புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுப்பதென்றால் நகர மன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அந்த அலைச்சலே வேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டோம்.

கேமரா, என் கைப்பேசிதான். சமையலறையில் பழைய டியூப்லைட். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் அதற்கேற்ப மினுங்கும் என்பதால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் நிறுத்தி வைத்தோம். இல்லாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

பணத்தில் பெரும்பகுதி ஒலிக்குத்தான் போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். நல்ல மைக் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அதைத் தூக்கிப் பிடிக்க, மாமி ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கம்பு. ஃபிரிட்ஜின் இரைச்சல் பதிவாகாமல் இருக்க அதை அணைத்துவிட்டு, என் வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவேன். சாவியை எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாதல்லவா, அப்போது ஃபிரிட்ஜைத் திரும்பப் போட்டுத்தானே ஆக வேண்டும்! ஆனால் பக்கத்துப் பாய லேபார் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் போர் விமானங்களை யாரால் அணைக்க முடியும்? அப்படியே வாயை மூடிக்கொண்டு நிற்போம். கடைசியில், யாரும் அசையாமல், அந்த அறையின் வெறும் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்தோம். வெட்டிய காட்சிகளுக்கு நடுவே அடியில் ஓடுவதற்கு அதுதான் வேண்டும். விடியற்காலைப் பதிவு ஒன்றில் குயில் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவாளர் நீக்கிவிடலாம் என்றார், நான் விடவில்லை. இந்த ஊர் விடியல் அப்படித்தானே இருக்கிறது.

அம்மாவாக நடித்தவர் மேடை நாடகத்தில் பழகிய ஓர் அக்கா. வசனத்தை அப்படியே ஒப்பிக்க வேண்டாம், உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படிச் சொல்லுங்கள் என்றேன். "அப்பா கோப்பி குடிச்ச மங்குடா, அதை மட்டும் தூக்கிப் போட்டுடாத" என்றார். நான் எழுதி வைத்திருந்த அரைப் பக்கத்துக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. யாருக்கும் சம்பளம் என்று பெரிதாகக் கொடுக்க முடியவில்லை, சாப்பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை. லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து பிரியாணி வந்ததும் எல்லார் முகமும் மாறிவிடும்!

அப்புறம், எங்கே அனுப்பப் போகிறாய் என்று கேட்டிருந்தாய். 1987இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் தென்கிழக்காசியக் குறும்படங்களுக்கென்றே ஒரு போட்டிப் பிரிவு இருக்கிறது. அதற்கு முயலப் போகிறேன். இங்குள்ள இயக்குநர் கே. ராஜகோபாலும் 1990களில் குறும்படங்களில்தான் தொடங்கினார். 2016இல் அவருடைய முதல் முழுநீளப் படம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் 'விமர்சகர் வாரம்' என்ற பிரிவு வரை போனது. அதை நினைத்தால் தைரியம் வருகிறது.

படத்தொகுப்பில் முதல் வெட்டு முடிந்துவிட்டது, சுட்டியைத் தனியாக அனுப்புகிறேன். ஹெட்போன் போட்டுத்தான் பார்க்க வேண்டும், சரியா? எந்த இடத்தில் உன் கவனம் நழுவுகிறதோ, அந்த நிமிடத்தைக் குறித்து எழுது. நட்புக்காகத் தயங்காதே. அந்த இடத்தைத்தான் அடுத்து வெட்டப் போகிறேன்.

அன்புடன்,
மணி