பரணிலிருந்து இறக்கிய நான்கு புத்தகங்கள்

அன்புள்ள கயல்,

உன் நாத்தனார் மகளுக்கு 13 வயது நிறைவதால் இரத்தக் காட்டேரியைக் காதலிக்கும் பெண்ணின் கதையான உன்னுடைய பழைய ட்வைலைட் நாவல்கள் நான்கையும் அவளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க விரும்புவதாகவும், அடுத்த மாதம் சியாட்டில் வரும் உன் சித்தப்பா மகனிடம் அவற்றைக் கொடுத்தனுப்பும்படியும் நீ எழுதியிருந்தாய். பரணில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கிப் பார்த்தேன். இராமபாணம் அரித்த சில ஓரங்களைத் தவிரப் புத்தகங்களுக்குப் பெரிய சேதம் இல்லை. துடைத்து வெயிலில் காயவைத்தவள், ஒரு சிறு பெண்ணின் கையில் போய்ச் சேரப்போகிறதே என்ற எண்ணத்தில் முதல் புத்தகத்தைப் பிரித்து, மூன்று வாரத்தில் நான்கையும் படித்து முடித்துவிட்டேன். அதனால்தான் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாத இந்தக் கடிதம்.

2009-இல் நீ பதினோராம் வகுப்பில் இருந்தபோது, முதல் படத்தின் குறுந்தகட்டை வாங்கிவந்து என்னையும் உட்காரவைத்துக் காட்டினாய். வெயிலில் நின்ற காட்டேரி நாயகன் எட்வர்டின் உடம்பு வைரம்போல் மினுங்கியதைக் கண்டு, இரத்தக் காட்டேரிக்கு இது என்ன ஜிகினா அலங்காரம் என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீ எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாய். அதன்பிறகு வெகுகாலம் நீ படிக்கும் எதைப் பற்றியும் என்னிடம் பேசவில்லை. அந்தச் சிரிப்பு தவறான இடத்தில் வந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. காட்டேரி வெயில் பட்டால் எரிந்து சாம்பலாகும் என்ற விதியைத் தொன்றுதொட்டு வந்ததாக நான் நினைத்திருந்தேன். 1897-இல் வெளிவந்த நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான், அவன் ஆற்றல் மட்டுமே குறைகிறது. வெயிலில் காட்டேரி மாண்டுபோவது 1922-இல் வந்த ஜெர்மானிய மௌனப்படத்தால் பரவிய வழக்கம். ஒவ்வொரு தலைமுறையும் தன் காட்டேரியைத் தானே புனைந்துகொள்ளும்போது இந்த நாவல்களை எழுதிய ஸ்டெஃபனி மேயர் மட்டும் மினுங்க வைக்கக் கூடாது என்பதற்கு நியாயம் இல்லை.

அன்று அந்தப் புத்தகங்களைக் கேலி செய்தவர்களில் பெரும்பாலோர் உண்மையில் கேலி செய்தது அவற்றைப் படித்த பெண்பிள்ளைகளைத்தான் என்றும் எனக்குத் தோன்றுகிறது. பையன்கள் வானூர்திச் சண்டையையும் இயந்திர மனிதர்களையும் பார்த்தால் பொழுதுபோக்கு, பெண்பிள்ளைகள் காதல் கதை படித்தால் பைத்தியம் என்ற கணக்கு எல்லா ஊரிலும் உண்டு. திரைப்படத் துறையின் கணக்கும் அப்படித்தான். சுமார் 37 மில்லியன் டாலர் செலவில் கேத்தரின் ஹார்ட்விக் இயக்கிய முதல் படம் உலகமெங்கும் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் ஈட்டியது. அதன்பின் 2012 வரை வந்த நான்கு படங்களையும் ஆண்களே இயக்கினார்கள். முதல் படத்தில் இருந்த ஈரமும் கூச்சமும் பின்னவற்றில் இல்லை என்று நீ அப்போதே சொன்னதாக நினைவு. கடைசிப் படங்களில் கணினியால் செய்த குழந்தை முகத்தைப் பார்த்தபோது எனக்கும் அதுவே தோன்றியது.

இப்போது என் மனத்தை உறுத்துவதற்கு வருகிறேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவளுக்கு எதைப் படித்தாலும் சங்கப் பாட்டுகளின் அகத்திணைதான், அந்தக் காதல் மரபுதான் நினைவுக்கு வரும், பொறுத்துக்கொள். முதல் புத்தகத்தில், கதாநாயகி பெல்லா தூங்கிக்கொண்டிருக்கும்போது அவள் அறைக்குள் எட்வர்ட் வந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒரு நாள் அல்ல, ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் வருகிறான். அவளுக்கு அது தெரியாது. பின்னர் அவனே சொல்லும்போது, தூக்கத்தில் தான் என்ன உளறினோமோ என்று வெட்கப்படுகிறாளே தவிர, யாரைக் கேட்டு வந்தாய் என்று அவள் கேட்பதில்லை. நம் பாட்டிலும் தலைவன் இரவில் வருகிறான். ஆனால் இரவுக்குறியில், அதாவது குறித்த இடத்தில் இரவில் சந்திப்பதில், அவன் வரும் இடத்தைத் தலைவி அறிவாள். பெரும்பாலும் அந்த இடத்தைக் காட்டுபவளே தோழிதான். யானையும் புலியும் திரியும் வழியில் வராதே என்று தடுப்பவளும், வருவதானால் மணம் பேச வா என்று வரைவு கடாவுபவளும் அவளே. சங்க காலத்தில் பெண் முழுவிடுதலையோடு வாழ்ந்தாள் என்று மேடைதோறும் முழங்குபவர்களின் வரிசையில் நான் நிற்கவில்லை. ஆயினும் அந்தப் பாட்டுகளில் தலைவனின் முகத்துக்கு நேரே, நீ செய்வது சரியில்லை என்று சொல்ல ஒருத்தி இருக்கிறாள். பெல்லாவுக்கு அப்படி ஒருத்தி இல்லை.

அவளுக்குத் தோழி என்று சொல்லத்தக்கவள் ஆலிஸ் ஒருத்திதான், அவளும் எட்வர்டின் குடும்பத்தவள். மூன்றாம் புத்தகத்தில் எட்வர்ட் வேட்டைக்குப் போகும் நாட்களில் பெல்லா தன் நண்பனான, ஓநாயாக மாறும் ஜேக்கப்பைப் பார்க்கப் போய்விடாதபடி தன் வீட்டில் வைத்துக் காவல் காக்க ஆலிஸுக்கு அவன் கொடுக்கும் கூலி ஒரு மஞ்சள் நிற போர்ஷே கார். அதற்கு முன்பே பெல்லா தன் பழைய வண்டியில் ஜேக்கப்பைப் பார்க்கக் கிளம்பும்போது, இயந்திரத்திலிருந்து கழற்றிய ஒரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எட்வர்ட் அவள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கிறான். இரண்டு இடத்திலும் கதையின் குரல் சற்றே சலித்துக்கொண்டு, பிறகு, எவ்வளவு அக்கறை என்று உருகிவிடுகிறது. எட்வர்ட் பின்னால் மனம் மாறி அவளைப் போக விடுகிறானே என்று நீ சொல்வாய். ஆம், விடுகிறான். விடுவதும் விடாததும் அவன் கையில் இருக்கிறது என்பதைத்தான் நான் சொல்கிறேன். கணவன் சாவிக்கொத்தை எடுத்து வைத்துக்கொண்ட பெண்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர் என்பதும், அவர்களில் யாருக்கும் அது காதலாகத் தெரியவில்லை என்பதும் உனக்கு நினைவிருக்கும்.

இரண்டாம் புத்தகத்தை ஆசிரியர் நன்றாகவே எழுதியிருக்கிறார். எட்வர்ட் விட்டுச் சென்றபின் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர்கள் மட்டும் தாங்கிய வெற்றுப் பக்கங்களைப் புரட்டியபோது என் தொண்டை அடைத்தது. பதினெட்டு வயதுத் துயரத்துக்கு அதைவிடப் பொருத்தமான மொழி இல்லை. ஆனால் அதன்பின், ஆபத்தில் சிக்கினால் அவன் குரல் காதில் கேட்கிறது என்பதற்காக அவள் குன்றின் உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள். பிரிவில் தலைவி மெலிவதும் வளை கழல்வதும் எனக்குப் புதிதல்ல. அவளைத் தேற்றவோ அதட்டவோ நம் பாட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். இங்கே குதிப்பவளைப் படித்துக்கொண்டிருக்கும் 13 வயதுப் பெண்ணின் அறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஜேக்கப்பின் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். ஜேக்கப்பைப் போலவே ஓநாயாக மாறும் சாம் ஒரு நொடி கோபத்தில் தன்னை இழந்ததால் அவன் காதலி எமிலியின் முகத்தில் ஆறாத தழும்பு. அவள் அவனையே நேசித்து, அவன் கூட்டத்துக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கதை அதைப் பெருங்காதலின் சோகமாகக் காட்டி நகர்ந்துவிடுகிறது. இந்தச் சினத்தை ஆசிரியர் ஏற்றியிருப்பது கற்பனை இனத்தின்மேல் அல்ல, லா புஷ் கடற்கரையில் இன்றும் வாழும் குவிலியூட் பழங்குடியினரின்மேல். அவர்களின் தோற்றக் கதையில் ஓநாய்கள் உண்டு, ஓநாய்களிலிருந்து மனிதராக்கப்பட்டவர்கள் தாங்கள் என்பது அது. கோபம் வந்தால் ஓநாயாக மாறும் இளைஞர்கள் அதில் இல்லை. உங்கள் ஊரில் உள்ள பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து எது அவர்களுடைய மரபு, எது நாவலின் புனைவு என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. மேயர் மழை மிகுந்த ஊர் எது என்று இணையத்தில் தேடித்தான் கதை நடக்கும் ஃபோர்க்ஸைக் கண்டுபிடித்தார். எழுதத் தொடங்கும் முன் அவர் அங்கே போனதில்லை. அது குற்றமில்லை, போகாத ஊருக்கு வழி சொல்லாத எழுத்தாளர் யார்? ஆனால் ஊரை இரவல் வாங்குவதும் ஓர் இனத்தின் பெயரை இரவல் வாங்குவதும் ஒன்றாகா.

பெல்லா எதற்கும் ஆகாதவளாக இருக்கிறாள் என்ற குறை பலமாக எழுந்தபிறகு, முதல் புத்தகத்தின் பத்தாம் ஆண்டான 2015-இல் ஆண் பெண் பாத்திரங்களை மாற்றி அதே கதையை மேயர் மறுபடி எழுதினார். காட்டேரி பெண், மனிதன் ஆண். பெல்லா வலுவற்றிருப்பது பெண் என்பதாலன்று, காட்டேரிகளுக்கு நடுவில் அவள் மனிதப் பிறவி என்பதால் என்பது அவர் வாதம். அதை ஏற்கிறேன். ஆனால் தூங்குபவரின் அறைக்குள் கேளாமல் வருவது யார் வந்தாலும் அதேதானே? என் கேள்வி அங்கே இருக்கிறது. பாத்திரங்களை இடம் மாற்றியதால் அதற்குப் பதில் கிடைத்துவிடவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அம்மா புத்தகங்களை அனுப்பப் போவதில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. நான்கும் பழைய வேட்டித்துணியில் சுற்றித் தயாராக இருக்கின்றன. தடுத்தால் அந்தப் பெண் வேறெங்காவது வாங்கிப் போர்வைக்குள் வைத்துப் படிப்பாள். நீயும் அப்படித்தான் படித்தாய், எனக்குத் தெரியும். பரிசாகக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிவிடாமல் நீயும் அவளோடு இன்னொரு முறை படி. பெல்லாவின் பிறந்தநாளான செப்டம்பர் 13-ஐ ஒட்டி அவளை ஃபோர்க்ஸுக்கு அழைத்துச் செல்லும் எண்ணம் இருந்தால், அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள லா புஷ்ஷுக்கும் போய்வாருங்கள். ஆழிப்பேரலை எட்டாத மேட்டுக்கு அந்த மக்கள் குடிபெயர்வதற்காகத் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் 2012-இல் வந்தது, கடைசிப் படம் வெளியான அதே ஆண்டில். கடற்கரையில் நின்றுகொண்டு அதையும் அவளுக்குச் சொல்.

ஒன்று கேட்க வேண்டும். மூன்றாம் புத்தகத்தில், எட்வர்ட் அந்த இயந்திரப் பாகத்தோடு உட்கார்ந்திருக்கும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. கையெழுத்து உன்னுடையதுதான், கேள்விக்குறியின் அடியில் புள்ளிக்குப் பதிலாகச் சிறு வட்டம் போடும் பழக்கம் உனக்கு அப்போது இருந்தது. அழிரப்பரைக் கையில் எடுத்துவிட்டு, அழிக்காமல் வைத்துவிட்டேன். அதைப் பொருள் தெரியாத ஓர் ஆங்கிலச் சொல்லுக்காகப் போட்டாயா, எட்வர்டுக்காகப் போட்டாயா என்று எழுது.

அன்புடன்,
அம்மா