மைக்கறைக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் மை ஓவியம் செய்வது எப்படி என்று போட்டிருந்தீர்கள். தாளை இரண்டாக மடி, ஒரு பக்கம் மையைச் சொட்டு, மூடி அழுத்து, திற, பட்டாம்பூச்சி தயார், அவ்வளவுதான். படித்ததும் எனக்கு ஆதங்கமாகப் போய்விட்டது. பத்து வருடமாக மைக்கறைகள் மேல் காகிதத் துண்டுகளை ஒட்டி ஒட்டுப்படம் செய்துகொண்டிருப்பவள் நான். நீங்கள் முடித்த இடத்தில்தான் அந்த வேலையே ஆரம்பிக்கிறது.

மடித்துத் திறந்த கறை இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் பார்த்தவுடன் யாருக்கும் பட்டாம்பூச்சியோ வௌவாலோதான் தோன்றும். அந்தப் பெயரை வைத்துவிட்டோமானால் அப்புறம் கண் அதைத் தாண்டிப் போகாது. அதனால் தாள் காய்ந்ததும் நான் கத்தரியை எடுப்பதில்லை. சுவரில் மாட்டி, ஒரு நாள் நேராக, மறுநாள் தலைகீழாக, அப்புறம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நான்கு நாளும் போகிற வருகிற போதெல்லாம் பார்ப்பேன். போன மாதம் செய்த ஒரு கறை முதல் நாள் நண்டு மாதிரி இருந்தது, கொடுக்குகூடத் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் பக்கவாட்டில் திருப்பி மாட்டினேன். நண்டு போய், மேலே மரங்கள் அடர்ந்த ஒரு கரை, கீழே தண்ணீரில் அதன் நிழல், நடுவில் மடிப்புக் கோடு அப்படியே நீர்மட்டமாக நின்றது! ட்ரேசிங் தாளைக் கையால் கிழித்து (கத்தரியால் வெட்டினால் விளிம்பு கடினமாகத் தெரியும்) கீழ்ப்பாதி மேல் மட்டும் ஒட்டினேன், நிழல் கொஞ்சம் மங்கித் தண்ணீருக்குள் போனது. கரையிலிருந்து இறங்குவதற்குப் படிகள் வேண்டியிருந்தது. உங்கள் பத்திரிகையின் தலைப்புகளிலிருந்தே பெரிதும் சிறிதுமாக ஏழு ‘ட’ எழுத்துகளை வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரித்து ஒட்டினேன். நம் எழுத்துகளில் இப்படி எவ்வளவோ வடிவம் கிடக்கிறது, வாசிக்கிற பழக்கத்தில் நாம்தான் கவனிப்பதில்லை.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்று ஒரு மருத்துவர், கவிஞரும்கூட. வயதான காலத்தில் பார்வை மங்கி, எழுதும்போது தாளில் மை சிந்தியிருக்கிறது. அவர் அந்தத் தாள்களை மடித்துக் கறையாக்கி, பேனாவால் ஒன்றிரண்டு கோடு சேர்த்து, பக்கத்தில் கவிதையும் எழுதினார். அவர் இறந்தது 1862இல், அந்தப் படங்கள் புத்தகமாக வந்தது 1890இல். பிரெஞ்சு எழுத்தாளர் விக்தர் ஹ்யூகோவும் சும்மா இருக்கவில்லை. நாவல் எழுதிய அதே மையைத் தாளில் கொட்டி, வெட்டிய காகிதத்தை வைத்து மறைத்து, பூவேலைத் துணியை மையில் தோய்த்து அழுத்தி, ஏறக்குறைய 4,000 படங்கள் செய்திருக்கிறார். ஆனால் மைக்கறை என்றாலே நமக்கு ஞாபகம் வருவது, கறையைக் காட்டி மனதை ஆராயும் ரோர்ஷாக் என்ற உளவியல் சோதனைதான். 1921இல் வெளியான அந்தப் பத்து அட்டைகளின் தாக்கம், என் படத்தைப் பார்க்கிறவர்கள் ‘இதில் உன் மனசு தெரிகிறதா’ என்றுதான் கேட்கிறார்கள். அங்கே ஒருவர் கறையில் எதைப் பார்க்கிறார் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். ஒட்டுப்படத்தில் பார்த்ததோடு விட முடியாது, எதை மூடுவது, எதைத் திறந்து விடுவது என்று கை முடிவெடுக்க வேண்டும். முக்கால்வாசிக் கறை வெளியே தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம். மேலே எல்லாவற்றையும் ஒட்டி மூடிவிட்டால் கீழே கறை எதற்கு?

உங்கள் குறிப்பில் எந்த மை என்று சொல்லாமல் விட்டதும் எனக்குக் குறையாகப் படுகிறது. ஃபவுண்டன் பேனா மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாயம். எனக்கு அமைந்த முதல் நல்ல கறை அதில்தான் வந்தது. வெள்ளைப் பசையைத் தடவிய அடுத்த நிமிடமே நீலம் ஓடிப் படம் முழுக்கப் பரவிவிட்டது, அன்றைக்கு அழுதேவிட்டேன். இந்தியன் இங்க் கரித்தூளால் ஆனது, ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருக்கும் புட்டியாகப் பார்த்து வாங்கினால் நன்றாகக் காய்ந்தபின் பசைக்கு அசையாது. அதைப் பேனாவில் மட்டும் ஊற்றிவிடக் கூடாது, உள்ளே அடைத்துக்கொள்ளும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள வாட்டர்கலர் தாளாக இருந்தால் ஈரத்துக்கு அதிகம் சுருளாது. செய்தித்தாள் துண்டு சில மாதத்திலேயே பழுத்துப் போகும். அதைச் செய்யும் மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுவதால் வெளிச்சமும் காற்றும் பட்டு நிறம் மாறுகிறது. அந்தப் பழுப்பு வேண்டுமென்றால் ஒட்டலாம், வேண்டாமென்றால் நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டலாம். இங்க்ஜெட் பிரதி வேண்டாம், அதுவும் பெரும்பாலும் ஓடும்.

சரி, நான் கேட்க வந்தது இதுதான். சிறுவர் பக்கத்தில் முடிந்த பட்டாம்பூச்சியைப் போடாமல், வாரம் ஒரு கறையை மட்டும் அச்சிடுங்கள். கால் பக்கம் போதும். சுற்றிலும் வெற்றிடம் விட்டு, மடிப்புக் கோடு தெரிகிற மாதிரி போட்டால் பிள்ளைகள் அதை வெட்டியெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதே பத்திரிகையின் துண்டுகளையே ஒட்டிக்கொள்வார்கள். பெரியவர்களும் செய்வார்கள், எனக்குத் தெரியும். ஒரே கறை எத்தனை விதமாகத் திரும்பி வருகிறது என்று அடுத்த வாரம் நான்கைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள். கறைக்குக் கீழே ‘இது என்ன?’ என்ற கேள்விகூட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி